ஏழு படிக்கு மேல்

புதன், இரவு

நான்கு நுண்காந்தங்கள் ஒன்றையொன்று எப்படித் திருப்புகின்றன என்று தொலைவிலுள்ள குவாண்டம் கணினியில் கணக்கிடுகிறேன். நேரத்தைச் சிறு படிகளாக நறுக்க நறுக்க விடை மேலும் துல்லியமாகிக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஏழு படிக்கு மேல் போனால் கெடுகிறது. என் நிரலில்தான் பிழை என்று மூன்று வாரமாகத் தவித்தேன்.

காலையில் வந்தவாசி பஸ்ஸில், கல்லூரியில் என்னுடன் பாடம் நடத்தும் மேரி, படிக்கு ஒரு புள்ளியாக நான் போட்டிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "கடைசி மூணு புள்ளிய எடுத்துடுங்க. யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

மனம் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் மாலை ஆரணிக்குத் திரும்பியதும், அதே நிரலை என் மடிக்கணினியில் ஓட்டினேன்; நான்கே காந்தம் என்பதால் அதுவே பிழையின்றிக் கணக்கிட்டுவிடும். பத்துப் படியிலும் விடை சரி! ஒவ்வொரு படியிலும் குவாண்டம் இயந்திரம் செய்யும் சிறு தவறுகள்தான் சேர்ந்து கெடுத்திருக்கின்றன.

மேரிக்குப் போன் செய்தேன். "அப்போ மெஷினு பண்ண தப்புக்கா நீங்க இத்தினி நாளா அழுதுகினு இருந்தீங்க?" என்று சிரித்தார்.

எல்லாப் புள்ளிகளோடும் வரைபடத்தை என் ஆய்வு நெறியாளருக்கு அனுப்பிவிட்டேன். என்ன சொல்வாரோ தெரியாது. இன்று வயிறாரச் சாப்பிட்டேன். கண் சொக்குகிறது.