உள்ளே வந்தீர்களா, இல்லையா

எழுப்ப மனம் வரவில்லை. நைட் டியூட்டி முடிந்து வந்து இப்போதுதான் கண்ணயர்ந்தீர்கள். சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். மத்தியானம் வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் வருவார். சாவி கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. அவர் திறந்துவிடுவார், நீங்கள் தூங்குங்கள்.

நேற்று நம் தம்பதி கவுன்சலிங்கில் நான் செய்தது தப்பு. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றேன். "வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். ஆனா..." என்று ஆரம்பித்தீர்கள்.

"ஆனா எல்லாம் வேண்டாம். உள்ள வந்தீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இல்லை" என்று வாயை மூடிக்கொண்டீர்கள்.

கோர்ட்டில் இது எனக்குக் கைவந்த வித்தை. கவுன்சலர் அம்மா என்னைப் பார்த்து, "கேஸ் ஜெயிச்சாச்சு வக்கீலம்மா. அவர் என்ன சொல்ல வந்தார்னு தெரிஞ்சுதா?" என்றார்.

தெரியவில்லை. வீடு வந்த பிறகும் கேட்கத் தைரியம் வரவில்லை. ஊரார் அப்பாக்களை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் நீங்கள். என் அப்பாவின் வாசலோடு ஏன் திரும்பினீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. குற்றம்தான் சாட்டியிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் இன்று மாலை ஆறு மணிக்கு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வாருங்கள். நீங்கள் முடிக்கும் வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

பி.கு.: இது இரண்டாவது சீட்டு. முதல் சீட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கீழே உங்கள் தப்புகளையும் வரிசையாக எழுதியிருந்தேன். குப்பைக்கூடையில் கிடக்கிறது. தயவுசெய்து எடுத்துப் படிக்காதீர்கள்.