பல் மருத்துவரிடம் வாங்கிய கடன்

தாவோயுவான், தைவான்
மார்ச் 4

அன்புள்ள பெர்லித்தா,

என் பெயரைப் பார்த்தால் நீ போனை எடுக்க மாட்டாய், அதனால்தான் கடிதம். நலமா? நம் மகள் ஜோபெல் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாளா?

நேற்று தொழிலாளர் விடுதியில் ஒரு நண்பன் இணையதளம் ஒன்றைக் காட்டினான். முன்பின் தெரியாத ஏழைகளுக்குப் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார்கள். நம் மாகாணத்தின் பெயரைத் தொட்டால் நீ நிற்கிறாய், நான் கிளம்பிய நாளில் போட்டிருந்த அதே மஞ்சள் சட்டையில். பன்றிக்குட்டிகள் வாங்கப் பணம் வேண்டுமாம்.

நார்வேயில் ஒரு பல் மருத்துவர் கொடுத்திருக்கிறார். கனடாவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவும். கோபப்படாமல் சொல். நான் அனுப்பிய பணத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினாய். முகம் தெரியாத பல் மருத்துவரிடம் வாங்கலாம், என்னிடம் வாங்கக் கூடாதா?

உன் டெல்ஃபின்

சிபாலோம், பிலிப்பைன்ஸ்
மார்ச் 21

டெல்ஃபினுக்கு,

இருவரும் நலம். ஜோபெல் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள்.

பல் மருத்துவரின் கடன் ஒரு நாள் தீரும். கடன் வாங்கிய பெண்களின் வாரக் கூட்டத்தில் தவணை கட்டுகிறேன், முடிந்ததும் நிம்மதி. உங்கள் பணமோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்களுக்குப் பதிலாக வந்தது. அதை வாங்கிக்கொண்டு, ஏன் வரவில்லை என்று எந்த வாயால் கேட்பேன்? ஆறு வருடம் கேட்காமல் இருந்தது போதும்.

எனக்கும் ஒரு சந்தேகம். கொடுத்தவர்கள் ஆளுக்கொரு வரி எழுதியிருப்பதைக் கடன் அதிகாரி கூட்டத்தில் படித்துக் காட்டினார். பெயர் போடாத ஒருவர், 'கொட்டகையைக் கிணற்றுப் பக்கம் போடாதே, மழைத் தண்ணீர் நிற்கும்' என்று எழுதியிருக்கிறார். என் கொல்லையில் தண்ணீர் நிற்பது நார்வேக்காரருக்கு எப்படித் தெரியும்? கூட்டமே சிரித்தது. "புருஷனாத்தான் வரலை, கடன்காரனாவாவது வந்தானே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பெர்லித்தா

தாவோயுவான்
ஆகஸ்ட் 9

அன்புள்ள பெர்லித்தா,

மாட்டிக்கொண்டேன், அதனால்தான் இத்தனை மாதம் பதில் எழுதவில்லை. இருபத்தைந்து டாலர்தான் போட்டேன். மாதாமாதம் அதில் கொஞ்சம் திரும்பி வரும்போது, நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். போன மாதம் தாமதமானதும் உனக்குக் காய்ச்சலோ என்று பயந்தேன். வேலையே ஓடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். இந்தக் கடன் தீர்வதில் எனக்கு விருப்பமில்லை. வரவும் பயம். ஊரில் எனக்கு என்ன வேலை கிடைக்கும்? அதைவிட, நீ என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டால் என்ன செய்வேன்?

உன் டெல்ஃபின்

சிபாலோம்
நவம்பர் 18

அன்புள்ள டெல்ஃபின்,

கடைசித் தவணை கட்டிவிட்டேன். உங்கள் பங்கும் வந்து சேர்ந்திருக்கும். இனி உங்களுக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை.

தாய்ப்பன்றி வாங்கப் பெரிய கடன் தருகிறார்களாம். அதற்குக் கணவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். போன தடவை உங்களுக்குப் பதிலாக என் அண்ணன் போட்டார். இந்தத் தடவையும் அவரையே கூட்டி வரச் சொன்னார் அதிகாரி.

"வேண்டாம் சார், அவரே வந்து போடுவாரு. அதுவரைக்கும் புதுக் கடன் காத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பெர்லித்தா