உப்புக்குப் போடும் ஓலையை வேனுக்குப் போட்டது தொடர்பாக

அனுப்புநர்:
க. இருசப்பன்,
உப்பளத் தொழிலாளி,
மரக்காணம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: பயிற்சி நிலைய வேனில் எழுதியிருக்கும் வாசகத்தை எடுக்கவும், என் மகள் யுவராணியை மறுபடியும் பயிற்சியில் சேர்க்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. போன மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத காலையில், டீக்கடை எதிரில் நின்ற வேனுக்குப் பனை ஓலை கட்டியவன் நான்தான். டிரைவர் டீ கிளாஸோடு ஓடிவந்து, "யோவ் பெருசு, இன்னாய்யா பண்ற?" என்றார். "மழை வர்ற மாதிரி இருக்குதுங்க" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

2. என் மகள், கணவன் வீட்டில் பதுக்கிய கஞ்சாவுக்காக அவனோடு சேர்ந்து தண்டனை பெற்று, மூன்று வருடம் சிறையில் இருந்து வந்தவள். அவளுக்குத் தெரிந்துதான் நடந்தது. தண்டனையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வந்த புதிதில் தண்ணீர் குடிக்கக்கூட "குடிக்கட்டாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். அவள் குழந்தையாக இருந்தபோது சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டாள். அந்தப் பிடிவாதம் திரும்பி வராதா என்று ஏங்கினேன்.

3. அது வந்தது அய்யா. திண்டிவனத்தில், சிறையிலிருந்து வந்த பெண்களுக்கு மிக்சி, ஃபேன் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் நிலையத்தில் சேர்ந்த பிறகு வந்தது. ஒருநாள் என்னைக் கேட்காமலே வீட்டு ஃபேனைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பினாள். நான் ஒரு ஸ்க்ரூவை மிதித்துக் குதித்த குதியில் வாய்விட்டுச் சிரித்தாள்.

4. குறை அந்த நிலையத்தின் வேனில் இருக்கிறது. இரண்டு பக்கமும் 'சிறை மீண்ட மகளிர் மறுவாழ்வுப் பயிற்சி வாகனம்' என்று ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்து. எட்டாவது வரை படித்ததால் எனக்கும் வாசிக்க வந்துவிட்டது. "இருசப்பா, உம் பொண்ணுக்குப் பல்லக்கு வந்துடுச்சு பாரு" என்று டீக்கடையில் தினமும் ஒருவர் அறிவிப்பார். வழியில் பெருமுக்கல் ஊரில் ஏறும் ஒரு பெண் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டுதான் ஏறுவாளாம்.

5. மழை வந்தால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடுவோம். கரையக் கூடாததை மூடித்தானே வைக்க வேண்டும் என்று என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். காற்றுக்கு அவிழாத உப்பள முடிச்சு டிரைவருக்கும் அவிழவில்லை. அறுத்து எடுத்ததில் பெயின்ட் கீறிவிட்டது. மறுநாளிலிருந்து வேன் எங்கள் ஊருக்கு வருவதில்லை. தகப்பன் தொந்தரவு செய்வதால் மகள் வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

6. யுவராணி என்னைத் திட்டவில்லை. "அதுல ஏறிப் போறது நானு. எனக்கே பழகிடுச்சு. நீ ஏம்பா மூடுன?" என்றாள். ஃபேன் இன்னும் பிரித்தபடியே கிடக்கிறது. மாட்டித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னாள். நேற்று மறுபடியும் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டாள்.

7. ஆகவே, ஓலை கட்டிய குற்றத்துக்கு என்னை என்ன செய்தாலும் சரி, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீறலுக்கு நானே பெயின்ட் அடித்துத் தருகிறேன். எழுத்தின் மேலேயும் அடிக்கச் சொன்னால் இன்னும் நன்றாக அடிப்பேன். வெறும் வேனாக அது வந்து நின்றால் போதும்.

இடம்: மரக்காணம்
நாள்: 9.6.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. இருசப்பன்

பின்குறிப்பு: சிறையில் அவளைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் "போய்ட்டு வரேம்மா" என்று சொன்னது நான்தான். அவள் கிளம்ப, நான் வாசலில் நிற்கும் நாள் வராதா என்றிருந்தேன். வேன் வந்த நாட்களில் அது கிடைத்தும், டீக்கடையைப் பார்த்துக்கொண்டு, வழியனுப்பும் வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டேன். வேன் மறுபடி வந்தால் கடைக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியது: "போய்ட்டு வாம்மா."