இடப்பக்கமாகச் சுற்றுகிறவர்கள்

8-11-1998, ஞாயிறு

என் தம்பி சக்கரவர்த்தி, இந்த ஏரியில் போட்டு, அதாவது சவாரிப் படகு, விடுகிற கான்ட்ராக்ட் எடுத்து இன்றோடு ஒரு வாரம். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பஸ் ஏறினால் கால் மணி நேரம். மூன்று மோட்டார் போட்டு. டிக்கெட் கிழிப்பது நான். அவன் பெண்டாட்டி ரேணுகாம்பாளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம். டிவி மட்டும் நன்றாக ஒத்துக்கொள்ளும்.

வருகிற கூட்டம் ஒரு கூட்டமா! அண்ணாமலையாரைப் பார்த்த கையோடு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நெற்றியில் இருந்த விபூதி எங்கே போயிற்று என்று கேட்டால் வேர்த்துவிட்டதாம். டிரைவர்கள் அதற்கு மேல். இன்று ஏரி நடுவிலிருக்கும் திட்டுக்குப் பின்னால் இரண்டு போட்டு எதிரெதிரே வந்து முட்டப் பார்த்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் மூளை இல்லை.

9-11-1998

வழியை நான்தான் சொன்னேன். பௌர்ணமிக்கு லட்சம் ஜனம் மலையைச் சுற்றுகிறது, யாராவது முட்டிக்கொள்கிறார்களா? எல்லாரும் ஒரே பக்கமாகப் போகிறார்கள், அதனால்தான். ஏரி நடுவில் திட்டு, திட்டின் மேல் கங்கையம்மன் கோயில். அம்மன் நம் வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி எல்லா போட்டும் சுற்றிவரட்டும், முடிந்தது. தம்பி உடனே போர்டு எழுதி வைத்துவிட்டான். "எங்க அக்கா போட்ட ரூல்ஸ்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்கிறான். படித்தவனுக்கெல்லாம் தோன்றவில்லை, அஞ்சாங்கிளாஸ்காரிக்குத் தோன்றியது.

20-11-1998, வெள்ளி

பரிசல்காரர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. பதினோரு குடும்பம் இந்த ஏரியில் வலை போட்டுப் பிழைக்கிறது. நாங்கள் வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறார்களாம், இருக்கட்டுமே. அத்தனை பேரும் அம்மனை இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள்! யாராவது சாமியை அப்படிச் சுற்றிப் பார்த்திருக்கிறோமா? அவர்களில் பெரியவன் முருகையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வாடை அடிக்குதும்மா. வடகரையில எறக்குனா காத்து இடப்பக்கமாத்தான் தள்ளும். நான் இன்னா பண்ணட்டும்?"

துடுப்பு எதற்கு இருக்கிறது, அழகு பார்க்கவா என்று கேட்டேன். அவன் பெண்டாட்டி பச்சையம்மாள் வலையை உதறிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள்:

"உன் ரூல்ஸ காத்துக்கிட்ட சொல்லு யக்கா. அது கேட்டா நாங்களும் கேக்குறோம்."

மீன் செதில் ஒட்டின கை, அதில் இந்தத் திமிர் வேறு. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

13-12-1998

இன்றும் இடப்பக்கம்தான். என்ன ஜென்மங்களோ.

10-1-1999, ஞாயிறு

டிரைவர் காசி வந்து நின்றான். நாற்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தலையைச் சொறிகிறான். ஒவ்வொரு ரவுண்டிலும் பரிசல் எதிரே வருகிறதாம், இவன் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகிறானாம், ட்ரிப்பு கம்மி ஆகிறதாம்.

நீ ஏன் ஒதுங்குகிறாய் என்றேன்.

"அவங்களுக்கு இஞ்சின் இல்லம்மா. நாமதான ஒதுங்கணும்."

"ஒதுங்காத. நாம போறது சாமி வழி. நேரா போ, அவன் ஒதுங்குவான். அப்பதான் புத்தி வரும்."

அப்புறமும் நின்றான். போ என்றேன். போனான்.

16-1-1999

காணும் பொங்கல். எழுத முடியவில்லை.

17-1-1999

முருகையனுக்கு வலது கை ரெண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பரிசல் ரெண்டாகக் கிழிந்து கரையில் கிடக்கிறது.

நேற்று ஜனம் ஜாஸ்தி. திட்டுக்குப் பின்னால் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பரிசல் சுற்றிச் சுற்றி வருகிறது, அவனால் திருப்ப முடியவில்லை, கையை ஆட்டியிருக்கிறான். காசி நேராகப் போயிருக்கிறான். கடைசியில் பயந்து போட்டை ஒடித்துத் திருப்பியிருக்கிறான், அதற்குள் இடித்துவிட்டது. போட்டில் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. முருகையனைக் காசிதான் தண்ணீரில் குதித்துத் தூக்கினான்.

காசி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாமே, நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாமே. ஏன் சும்மா இருந்தான்?

24-1-1999

தம்பி தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டான். முருகையன் குடித்துவிட்டு ராங் சைடில் வந்தானாம். வியாழக்கிழமை விசாரணை. நிரூபணம் ஆனால் பதினோரு குடும்பத்துக்கும் மீன்பிடி பாஸ் கிடையாது, ஏரி முழுக்க நமக்கே என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு களை! கல்யாண வீட்டில்கூட அவனுக்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் படகுத் துறையில் உட்கார்ந்திருந்தது நான்தானாம். சாட்சியும் நான்தானாம். "குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்த சொல்லுக்கா, போதும்."

முருகையன் குடிக்க மாட்டான். மூன்று மாசமாகப் பார்க்கிறேனே. எதிர்த்துப் பேசுவான், இடப்பக்கம் போவான், குடித்து நான் பார்த்ததில்லை.

27-1-1999

கோயிலுக்குப் போனேன். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. என்னத்தக் கேக்குறது? சாமி பேரச் சொல்லி ஒருத்தன் கைய ஒடச்சிட்டு, அதே சாமிகிட்ட போயி எனக்கு வழி காட்டுன்னு நிக்கிறதா? த்தூ.

28-1-1999, வியாழன்

அதிகாரி சின்ன வயசு. மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். முருகையன் கட்டுப்போட்ட கையோடு சுவர் ஓரம் நின்றான். பக்கத்தில் பச்சையம்மாள், என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவளை மூன்று மாசமாகப் பார்த்த அதே பார்வை.

குடித்திருந்தாரா என்று கேட்டார். தம்பி தொண்டையைக் கனைத்தான்.

"இல்லீங்க. ஒதுங்காத, நேரா போன்னு டிரைவருக்குச் சொன்னது நான். காத்துல பரிசல் திரும்பாதுன்னு அவரு முன்னாடியே சொல்லிட்டாரு. நான்தான் காதுல போட்டுக்கல."

அதிகாரி எழுதிக்கொண்டார். திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

30-1-1999

தம்பி காசியை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். எனக்குப் பதிலாகக் காசியைத் தண்டித்தால் அது என்ன வீரம்? டிக்கெட் கட்டு ரேணுகாம்பாள் கைக்குப் போயிற்று.

8-2-1999

உத்தரவு வந்துவிட்டதாம், பால்காரர் சொல்லித் தெரிகிறது. பரிசல்காரர்களுக்குப் பாஸ் உண்டு. பரிசல் எந்தப் பக்கம் வந்தாலும் மோட்டார் போட்டு நின்று வழிவிட வேண்டும். மீறினால் கான்ட்ராக்ட் ரத்து.

19-2-1999, வெள்ளி

கங்கையம்மனுக்கு விளக்குப் போட வேண்டும். எங்கள் போட்டில் எனக்கு இடம் இல்லை, கேட்கவும் இல்லை. வடகரைக்கு நடந்தேன். முருகையன் கை இன்னும் கட்டில்தான், மடக்க வருமா வராதா என்று தெரியவில்லையாம். பச்சையம்மாள்தான் யாரிடமோ இரவல் வாங்கின பரிசலைப் போடுகிறாள். மன்னிப்புக் கேட்க நாலு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவள் காதே கொடுக்கவில்லை.

"ஏறு. நடுவுல குந்து, ஆடாத. வாய மூடிக்கினு வா, அது போதும்."

காற்று இழுத்த பக்கம் போனோம். அம்மன் கடைசி வரை என் இடது கைப் பக்கமே இருந்தாள். என்னமோ ஆகும் என்று பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மீன் நாற்றம் மட்டும் குடலைப் பிடுங்கியது.

திட்டு திரும்பும்போது எதிரே மோட்டார் போட்டு. காசி இடத்துக்கு ஆள் கிடைக்காததால் தம்பியே ஓட்டுகிறான். எங்களைப் பார்த்ததும் இஞ்சினை நிறுத்தினான். ஏன் சார் நின்னுடுச்சி என்று உள்ளே யாரோ கேட்டார்கள். அவன் நாங்கள் நகர நகர முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

பச்சையம்மாள் அவசரமே இல்லாமல் துடுப்புப் போட்டாள்.