காணவில்லை என்ற சொல்

ஒக்டோபர் 2007, செவ்வாய்

நானாட்டான் நிவாரண நிலையத்தில் பதிவுக்கான கணினி நிரலை நான் எழுதுவதில்லை. குடும்பம், உறுப்பினர், பங்கீடு என்று பதிவின் மாதிரிப் படத்தை மட்டும் வரைந்து கொடுத்தால், நிரலைக் கணினியே எழுதிவிடும்.

இன்று விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மரியம்மா அக்காவைப் பதிய முடியவில்லை. கணவர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று மட்டுமே நிரல் கேட்டது.

"செத்திட்டார் எண்டு போடாதேங்கோ, தங்கச்சி. ஆளைக் காணேல்லை, அவ்வளவுதான்," என்றார்.

மாதிரியில் 'காணவில்லை' என்று சேர்த்தேன். கணினி நிரலைப் புதிதாக எழுதியது. அவருக்கு அரிசி கிடைத்தது.

மாலையில்தான் கவனித்தேன். பதிந்தவர்களின் விவரத்தோடு தினமும் இராணுவ முகாமுக்குப் போகும் பட்டியலிலும் அந்தச் சொல் தானாகவே அச்சாகியிருந்தது. பட்டியல் அப்போதே போய்விட்டது. கணவர் எங்கே, புலிகளோடு இருக்கிறாரா என்று இனி மரியம்மா அக்காவைத்தான் விசாரிப்பார்கள். விடிந்ததும் நானே போய் அவரிடம் சொல்ல வேண்டும். உங்களுக்கு உதவத்தான் செய்தேன் அக்கா என்று எந்த முகத்தோடு சொல்வேன்?