ஐந்து போனில் ஒரே நாய்

ஜூன் 3, செவ்வாய்

அப்புத்தளைக் காற்று. கொடியில் போட்ட இரண்டு சேலையும் காயவில்லை. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் பாதிதான் திருத்தினேன்.

மாலை அண்ணி வந்தாள். கொழுந்துக்கூடைக் கயிற்றின் தடம் இன்னும் நெற்றியில். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"தர்ஷினி ஜெர்மனி போறா. ஒரு வீட்டுல தங்கி புள்ளைங்கள பாத்துக்கற வேலை. வெளிய சொல்லிறாத, கண்ணு பட்டுரும்." தலையாட்டினேன்.

அண்ணன் மகள், இருபத்தொரு வயது. எனக்குக் கடைசியில்தான் தெரிகிறது. அதுவும் ஆங்கிலக் கடிதம் வாசிக்க ஆள் வேண்டும் என்பதால். முதல் கோபம் அதற்குத்தான். இங்கேயாவது மறைக்க வேண்டாம்.

ஏஜென்ட் போனில் அனுப்பிய கடிதம்: விசா உறுதி. மொழி தேவையில்லை. நேர்முகம் இல்லை. கூடவே படம்: இரண்டு பிள்ளைகள், ஒரு காது வெள்ளையான பழுப்பு நாய்.

வெள்ளிக்கிழமை ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டும் பணமும் கொடுக்க வேண்டுமாம்.

"தூதரகத்துக்கு எப்ப போறா?"

"அவ ஏன் போகணும்? எல்லாம் அவரே பாத்துக்குவாரு."

ஜூன் 4, புதன்

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சோப்பு, சிவப்புப் பேனை.

தூதரகத்தின் இணையப் பக்கத்தை வரி வரியாக வாசித்தேன். விண்ணப்பிக்கிறவள் நேரில் போக வேண்டும். ஜெர்மன் அடிப்படைத் தேர்வு வேண்டும். கைச்செலவுக்குப் பணம் கொடுப்பது அந்தக் குடும்பம்; ஏஜென்டுக்குக் கட்டும் பேச்சே இல்லை.

தர்ஷினியிடம் சொன்னேன். பண்டாரவளைத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தாள், கால் வீங்கி. கையில் கம்பளி நூல். அந்தப் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னுகிறாள். பார்க்காத தலைகளுக்கு அளவு எப்படி எடுத்தாள்?

"அத்தை, நீங்க படிச்சு நாற்காலியில உக்காந்துட்டீங்க. நான் ஆயுசுக்கும் நிக்கணுமா?"

 

ஜூன் 5, வியாழன்

பாடசாலை வாசலில் கொஸ்லந்தையிலிருந்து வந்த ஒரு தாய் வழிமறித்தார்.

"டீச்சர், ஒரு கடிதாசி வாசிச்சுச் சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

அதே கடிதம். அதே நாய். படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அவர் மகளிடம் ஏஜென்ட் சொல்லியிருக்கிறான்: பிளேன் ஏறும்வரை வாய் திறக்காதே, தோட்டத்துக் கண்ணு பொல்லாதது.

நம் பயத்தை எடுத்து நம் வாய்க்கே பூட்டுப் போட்டிருக்கிறான். நம்மவன்தான். வெளியாளுக்கு இவ்வளவு தெரியாது. எத்தனை லயத்து வீட்டில் எத்தனை பேர் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு?

 

அண்ணிக்குக் கொடுத்த வாக்கு?

ஜூன் 6, வெள்ளி

மீறினேன்.

மாரியம்மன் கோயில், மாலைப் பூசை. தீபாராதனை முடிந்ததும் எழுந்து என் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"இந்த நாய் யார் யார் போனுல இருக்கு?"

"என்ன டீச்சர், வளத்த நாய் காணாமப் போச்சா?" சிரிப்பு. பூசாரி மணியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

விசா, ஏஜென்ட், கடிதம் எல்லாம் கத்திச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து ஒருத்தி: "எங்க புள்ள போனுலயும் இருக்கு." பிறகு இன்னொருத்தி. இன்னொருத்தி. தர்ஷினியையும் கொஸ்லந்தைப் பெண்ணையும் சேர்த்து ஐந்து. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டுக்காரிகள், ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்தார்கள். இரண்டு பாஸ்போர்ட் ஏற்கெனவே அவன் கையில்.

தர்ஷினி கோயிலில் இல்லை. அவள் பாஸ்போர்ட்டும் வீட்டில் இல்லை.

ஜூன் 7, சனி

காலை போலீஸ். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த இரண்டு தாய்மாருக்கும் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். ஏஜென்டின் நம்பர் வேலை செய்யவில்லை. அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி பேசினாள்: "நீ வாய வெச்ச, எல்லாம் போச்சு."

மதியம் தர்ஷினி வந்தாள். நேற்று பஸ் நிலையத்தில் இருட்டும்வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாளாம். அவன் வரவில்லை. கோயில் சங்கதி அவனுக்கு எட்டியிருக்கும். இன்று வேறு நம்பரிலிருந்து பேசினானாம்: "மத்தவங்க விலகிட்டாங்க தங்கச்சி. இப்ப உனக்குத்தான் இடம் உறுதி."

"பொய்னு தெரியுதுல்ல?"

"தெரியுது." பாஸ்போர்ட்டை விடைத்தாள் கட்டின் மேல் வைத்தாள். "நீங்களே வெச்சுக்கங்க அத்தை. என் கையில இருந்தா கொடுத்துருவேன்."

அலுமாரியில் பூட்டினேன். அவள் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

இதை எழுதும்போதே அவள் போன் அடிக்கிறது. அந்த நம்பர்தான். எடுக்கவில்லை. அணைக்கவும் இல்லை.