அலைக்கோட்டுக்கு மேல் மூன்று முட்டைகள்

டிசம்பர் 19, வெள்ளி

அடிலெய்டிலிருந்து நாலு மணிநேரம். கடைசி ஒரு மணிநேரம் இருபுறமும் அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் மட்டும். பிறகு சாலை ஒரு மேடேறி இறங்கும் இடத்தில் கடல், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல், முழுசாக. எத்தனை தடவை வந்தாலும் அந்த இடத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.

அண்ணனின் தகரக் கூரை வீடு மூன்று வாரத்துக்கு எனக்கே எனக்கு. ஒன்பது புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறேன். வருடம் முழுக்க நூலகத்தில் மற்றவர்களுக்காகப் புத்தகம் அடுக்குகிறவளுக்கு இது அதிகமில்லை. யாரோடும் பேச வேண்டியதில்லை.

டிசம்பர் 20, சனி

பேசியாயிற்று.

மெரோ குடா என்ற இந்தச் சிற்றூரில் பேக்கரியும் தபாலாபீசும் ஒரே கட்டடம், இரண்டுக்கும் ஒரே ஆள்: ரொவீனா. ரொட்டியோடு ஒரு சுத்தியலையும் என் கையில் வைத்தார்.

"உங்க அண்ணன் வீட்டுக்கு நேர் கீழே ஹூடி முட்டையிட்டிருக்கு. அதைச் சுத்திக் கயிறு கட்டணும். ஆளில்லை, வா."

"எனக்கு அதெல்லாம் வந்து—"

"புத்தகம் எங்கயும் ஓடிடாது, கண்ணு."

ஹூடி என்பது இங்கே கறுப்புத் தலை உப்புக்கொத்திப் பறவை. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். கூடு என்று எதுவும் கட்டுவதில்லை. கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்குச் சற்று மேலே, மணலில் ஒரு கிண்ணம்போலச் சின்னப் பள்ளம். அதில் மூன்று முட்டைகள், மணல் நிறத்தில், மணலின் புள்ளிகளோடு. ரொவீனா விரலால் காட்டிய பிறகும் எனக்குத் தெரிய அரை நிமிடம் ஆனது.

இந்த ஜோடி ஐந்து வருடமாக இங்கே முட்டையிடுகிறது. ஒரு குஞ்சுகூடப் பறக்கும் வயதைத் தொட்டதில்லை. மிதிபட்டவை, நாய் தின்றவை, அலை கொண்டுபோனவை.

"இந்த வருஷம் ஒண்ணு பறக்கணும். ஒண்ணே ஒண்ணு. அதைப் பார்த்துட்டா நான் செத்தாலும் பரவாயில்லை" என்றார் ரொவீனா.

"அப்புறம் எங்களுக்கு ரொட்டி யாரு சுடுவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கெல்வின் — கல் இறால் பிடிக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கூடவே பிஸ்டன் என்ற செம்பழுப்பு நாய்.

"நாயைக் கட்டு, கெல்வின்."

"கட்டித்தானே இருக்கு. கயிறு கொஞ்சம் நீளம்." கயிறு அவர் கால்சட்டைப் பையில் இருந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் ஜன்னல் வழியாகத் தொலைநோக்கியில் பார்த்தேன். தாய்ப்பறவை முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முன்னால் தென்மேற்கே ஒரு துண்டு நிலம்கூடக் கிடையாது. பனிக்கண்டத்துக்குப் பக்கத்தில் எங்கோ புயலில் கிளம்பிய அலை, ஆயிரக்கணக்கான மைல் வந்து, அதன் மார்புக்கு முப்பதடி முன்னால் உடைந்து நுரையாகிறது. பறவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, இங்கே ஏன்? கேள்வியே தப்போ? இங்கேதான், எங்களுக்கும் முன்னாலிருந்தே.

டிசம்பர் 22, திங்கள்

மேற்கே பாறைமுனை வரை நடந்தேன், போகவர ஐந்து மணிநேரம். சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறைகளின் அடியை அலை குடைந்துகொண்டே போயிருக்கிறது. மேலே நிற்கும்போது காலுக்குக் கீழே தரை 'தும்' என்று அதிர்கிறது, யாரோ கீழ்வீட்டில் பெரிய கதவைச் சாத்துவதுபோல. ஒரு துளை வழியாகக் கடல் மூச்சுவிடுகிறது. முதலில் காற்று மட்டும் வருகிறது, குளிர்ந்து, உப்பு வாசனையோடு. அப்புறம் ஆளுயரத்துக்கு நீர்த்தூள். அதில் ஒரு கணம் வானவில்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொண்டுபோன புத்தகத்தைத் திறக்கவில்லை. திறப்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்று விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் கயிற்றைக் குனிந்து தாண்டி நேராகப் போனார்கள். முட்டைக்கு இரண்டு எட்டு இருக்கும்போது திரும்பினார்கள், தற்செயலாக. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியிருக்க வேண்டும். குரல் வரவில்லை. தெரியாதவர்களைக் கூப்பிட எனக்கு எப்போதுமே வராது.

சாயங்காலம் அண்ணனின் கொட்டகையிலிருந்து ஒரு தடித்த கம்பை எடுத்துப்போய், முட்டைக்கு எட்டடி தள்ளி நட்டு, பலகை மாட்டினேன்: 'இங்கே முட்டைகள் இருக்கின்றன. தயவுசெய்து விலகிச் செல்லுங்கள்.'

இனி கம்பு பேசிக்கொள்ளும்.

டிசம்பர் 24, புதன்

நாள் முழுக்க ஒருவரும் கயிற்றைத் தாண்டவில்லை. பெருமையாக இருக்கிறது.

அந்தி வெளிச்சத்தில் என் கம்பின் உச்சியில் ஒரு அண்டங்காக்கை வந்து உட்கார்ந்தது. பின்னால் செம்பு நிறக் கடல், அதன் நடுவில் கரிய அந்த உருவம், அசையாமல். காவல் நிற்பதுபோல இருந்தது. இப்படி ஒரு அழகைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

டிசம்பர் 25, வியாழன்

ஒரு முட்டைதான் இருக்கிறது.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்றுக் காலை போய்ப் பார்த்தபோது பள்ளத்தின் ஓரத்தில் ஓட்டுத்துண்டு. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அண்ணன் குடும்பம் இறால் கொண்டுவந்தார்கள், சாப்பிட்டேன், சிரித்தேன். என்ன சாப்பிட்டேன் என்று நாக்குக்குத் தெரியவில்லை.

இன்று விடிந்ததும் ஜன்னலில் நின்றேன். அண்டங்காக்கை வந்தது, கம்பின்மேல் உட்கார்ந்தது. அது கடலைப் பார்க்கவில்லை. கீழே, முட்டைப் பள்ளத்தைப் பார்த்தது. அதற்கு நான் ஒரு மாடி கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஓடிப்போய்க் கம்பைப் பிடுங்கி மணல்மேட்டுக்குப் பின்னால் வீசினேன். தாய்ப்பறவை சிறகு ஒடிந்ததுபோல நடித்து, தரையில் இழுத்துக்கொண்டு, என்னைத் தன் பின்னால் வரச் சொல்லி அழைத்தது. அதற்கு நானும் காக்கையும் ஒன்றுதான். சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

புதன்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'காவல் நிற்பதுபோல.' இதை எழுதின கையை என்ன பண்றது.

டிசம்பர் 27, சனி

பேக்கரி வாசலில் எல்லார் முன்னாலும் ரொவீனா கெல்வினிடம் சொன்னார்: "உன் நாய்தான். வேற யாரு?"

"இது முட்டை தின்னாது. வேகவைச்சுக் கொடுத்தாலே மோந்துட்டுப் போயிடும்."

"நாய்க்குப் பரிஞ்சு பேசறதுக்கு முன்னால அதைக் கட்டியிருக்கலாம்ல?"

கெல்வின் வாங்கின ரொட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் வரிசையில் மூன்றாவதாக நின்றேன். என் முறை வந்ததும் ஒரு வெள்ளை ரொட்டி கேட்டேன். அவ்வளவுதான் பேசினேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

சொல்லிவிட்டேன். காலை ஆறு மணிக்குப் பேக்கரியின் பின்கதவைத் தட்டி, உள்ளே போய், மாவு பிசைந்துகொண்டிருந்த முதுகிடம் சொன்னேன். முதுகு நிற்கவில்லை.

"எவ்வளவு தள்ளி நட்டே?"

"எட்டடி."

"கிட்ட எதையும் உயரமா நடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நீங்க சொல்லலை."

"சொல்லலையா?" பிசைவது நின்றது. "சொன்னதாத்தான் நினைச்சுட்டிருந்தேன்." பிறகு, "கெல்வின்கிட்ட நான் தனியா பேசிக்கறேன். முதல்ல நீ போ."

படகுத்துறையில் கெல்வின் இறால் கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு நாளா ஊரே இவனைக் கொலைகாரன் மாதிரி பார்க்குது."

"மன்னிச்சுடுங்க."

"என்கிட்ட எதுக்கு? அவன்கிட்ட சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. குனிந்து பிஸ்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். அது என் காதை நக்கியது. கெல்வின் அப்போதும் சிரிக்கவில்லை, குழாயை மூடிவிட்டுக் கேட்டார்: "மிச்சமிருக்கற ஒண்ணை யாரு பார்த்துக்கறா? மத்தியானத்துல நான் சும்மாத்தான் இருக்கேன்."

ஜனவரி 2, வெள்ளி

பொரிந்துவிட்டது.

எழுத முயன்று மூன்று தடவை அடித்துவிட்டேன். ஒரு பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சிக் கால் இரண்டு வைத்ததுபோல. உலர்ந்து அரை நாள்கூட ஆகவில்லை, தானே அலையோரத்துக்கு நடந்துபோய்த் தானே பூச்சி பிடிக்கிறது. யாரும் ஊட்டுவதில்லை. அலை வந்தால் ஓடுகிறது, போனால் பின்னாலேயே போகிறது. பின்னால் எழும் அலைச்சுவர் என்னைவிட இரண்டு மடங்கு உயரம்.

பறக்க முப்பத்தைந்து நாள் ஆகுமாம். அதுவரை ஆள் வந்தால் ஓடி ஒளிந்து, மணலில் தட்டையாகப் படுத்துவிடும். ஆள் போகும்வரை சாப்பாடு கிடையாது. பக்கத்தில் துண்டு விரித்து ஒருவர் இரண்டு மணிநேரம் வெயில் காய்ந்தாலே போதும், அதன் கதை முடிந்துவிடும். கெட்ட எண்ணமே தேவையில்லை. அது எனக்குத் தெரியும்.

ஜனவரி 5, திங்கள்

நாற்பத்துமூன்று டிகிரி. செருப்பில்லாமல் மணலில் நிற்க முடியவில்லை. கெல்வின் ரொட்டித் தட்டுப் பலகைகளைச் சாய்த்து ஆணியடித்து ஒரு குட்டிக் கூரை செய்து கொண்டுவந்தார், முழங்கால் உயரம்கூட இல்லை. காக்கை உட்கார முடியாதபடி உச்சியில் வரிசையாக ஆணிமுனைகள். ஆணியை எனக்குக் காட்டி, "இது உனக்காக" என்றார். இருக்கட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பதினொரு மணிக்குக் குஞ்சு தானாக நிழலுக்குள் போனது.

ஜனவரி 9, வெள்ளி

விடுமுறை முடிந்தது. ஒன்பதில் இரண்டு புத்தகம்தான் படித்தேன். குஞ்சுக்கு இன்று ஏழாம் நாள். ரொவீனா தினமும் செய்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 13, செவ்வாய். அடிலெய்ட்

'இருக்கு.' இந்த ஒரு வார்த்தைதான் செய்தி. புத்தக அலமாரிகளுக்கு நடுவே நின்று படித்தேன்.

ஜனவரி 17, சனி

சனிக்கிழமை விடியலில் கிளம்பி வருவது வழக்கமாகிவிடும்போல. குஞ்சுக்கு இப்போது நிஜ இறகுகள், சாம்பலும் பழுப்புமாக. சிறகை விரித்துப் பார்க்கிறது, மறுபடி மடித்துக்கொள்கிறது.

இன்று முதல் தடவை ஒருவரை நிறுத்தினேன். தூண்டிலோடு வந்த ஒரு பெரியவர். "சார்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை, பாதி வாக்கியங்கள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு மணல்மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனார். அவ்வளவுதானா? இத்தனை வருடமும் பயந்தது இதற்குத்தானா?

ஜனவரி 26, திங்கள்

மூன்று நாள் தொடர் விடுமுறையின் கடைசி நாள். இங்கே மணலில் வண்டி ஓட்டலாம், சட்டமே அனுமதிக்கிறது. கூடாரம் போட்டுத் தங்கியிருப்பவர்கள் எல்லாருமே இன்று கடற்கரை நெடுக ஓட்டுவார்கள். ஒரு சக்கரத்தடம் போதும். குஞ்சு அந்தப் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும், அடுத்த வண்டியும் அதே தடத்தில் வரும்.

ஏழு மணிக்குப் போனால், கடற்கரைக்கு இறங்கும் ஒரே பாதையின் நடுவில் கெல்வினின் பழைய வண்டி குறுக்கே நிற்கிறது, முன்மூடி திறந்தபடி. பின்தட்டில் பிஸ்டன், இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டு. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"கெட்டுப்போச்சு."

"எது?"

"அதைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

நாள் முழுக்க இருபது வண்டியாவது வந்திருக்கும். சிலர் உதவ இறங்கினார்கள். ஒரு மெக்கானிக்கே வந்து எட்டிப் பார்த்து, "இதுல ஒண்ணும் கெடலையே" என்றார். "அதுதான் எனக்கும் புரியலை" என்றார் கெல்வின். மத்தியானம் ரொவீனா இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு ரொட்டி கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "ரிப்பேர் பார்த்து முடிஞ்சுதா?" "சாயங்காலம் ஆறுக்கு முடிஞ்சுடும்." இருவரும் அந்த நாய்ப் பேச்சுக்குப் பிறகு இவ்வளவு பேசி இன்றுதான் பார்க்கிறேன்.

ஆறு மணிக்கு ஒரே சாவித் திருப்பலில் வண்டி கிளம்பிற்று.

ஜனவரி 31, சனி

இருபத்தொன்பதாம் நாள். காலையில் எங்குமே காணோம். பதினொன்றரைக்குக் கடற்பாசிக் குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தது, ஏதோ வேலையாகப் போய்விட்டு வந்ததுபோல.

பிப்ரவரி 7, சனி

வரும்போதே காற்று தெற்கிலிருந்து. கடல் பாட்டில் பச்சை, அலைகளின் முதுகில் வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரியதை யார் எதற்காக, ஒருவரும் இல்லாத கரைக்கு, தினமும் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்தபடி கயிற்றோரம் நின்றேன்.

கூடாரப் பக்கமிருந்து ஒரு பெண் சின்ன வெள்ளை நாயோடு வந்தார். நானே எதிரே போனேன், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, நாயைக் கட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் உடனே கட்டினார். ஏன் என்று கேட்டதால் எல்லாவற்றையும் சொன்னேன்: ஐந்து வருடம், மூன்று முட்டை, யார் செய்த தவறால் ஒன்றாயிற்று என்பதையும். நிறுத்த முடியவில்லை.

"அதுக்கு இன்னும் பறக்க வராதுங்க. ஆபத்துன்னா ஓடி ஒளியத்தான் தெரியும், அதனாலதான் நாங்க—"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்வை என் தோளுக்கு மேலே ஏறி, மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது.

"எது, அந்தக் குட்டியா?"

"ஆமாம்."

"இப்ப உங்க பின்னால பறந்து போகுதே, அதுவா?"

திரும்பினேன். அலை உடையும் கோட்டுக்கு ஒரு முழம் மேலே, சிறகில் வெள்ளைக் கோடு பளிச்சிட, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, சரிசெய்துகொண்டு, மறுபடி சாய்ந்து. அலை எழுந்தது. அதுவும் எழுந்தது. கீழே மணலில் தாயும் தகப்பனும் அதோடு கூடவே ஓடினார்கள், பறக்கத் தெரிந்தவர்கள், பறக்க மறந்து. பாறைவரை போய், கடல்மேல் ஒரு வளைவு போட்டுத் திரும்பி வந்து இறங்கிற்று. இறங்கும்போது தடுமாறி இரண்டடி ஓடி நின்றது. பிறகு குனிந்து ஒரு பூச்சியைக் கொத்தியது.

வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன், அந்தப் பெண்ணின் முழங்கையை நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரைக்கூட இன்னும் கேட்டிருக்கவில்லை.